வருஷங்களை வரிசையாக வைப்பது: ஒரு வாட்ச் கேஸை ராவிப் பழசாக்கிய அனுபவம்

வாட்சின் வெளிக்கூடான கேஸில், ஸ்டிராப் மாட்டும் நான்கு கொம்புகளுக்கு லக் என்று பெயர். ஒரு லக் முனையில் வெர்னியர் காலிப்பரை வைத்தேன். 2.9 மி.மீ. நான்கு லக்கிலும் அதே 2.9. கிரவுனுக்கு, அதாவது முறுக்கும் குமிழுக்கு, இரு பக்கமும் காவலாக நிற்கும் கார்டுகள் செங்கல் துண்டுபோல் தடித்து, முனை தட்டையாக இருந்தன. 1960களின் டைவர் வாட்ச் (தண்ணீருக்குள் மூழ்குகிறவர்கள் கட்டுவது) சாயலில் ஒன்று கட்டிக் கையில் போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காக எடுத்த 40 மி.மீ. கேஸ் இது. 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீல், திருகு மரையில் பூட்டும் பின்மூடி, திருகிப் பூட்டும் கிரவுன், உள்ளே சீகோ என்எச்35 இயந்திரம் உட்காரும் குழி. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேசையில் வைத்து நாலடி தள்ளி நின்று பார்த்தால், பழைய வாட்சுகளுக்கு இருக்கும் இடுப்பு இதற்கு இல்லை. எல்லா இடமும் ஒரே கொழுப்பு.

ரோலக்ஸ் சப்மரைனர் வரிசையில் கிரவுன் கார்டு முதலில் வந்தது 1959இல், 5512 மாடலில். ஆரம்பத்தில் சதுரமாக இருந்தது, பிறகு கூர்முனையாகி, 1960களின் நடுவில் உருண்டைக்கு வந்தது. என் மனசில் நின்றது அந்த இடைக்காலக் கூர்முனைதான். பக்கவாட்டு வளைவு ஒரே ஓட்டமாக வந்து, கிரவுனுக்குச் சற்று முன்னால் மெலிந்து நின்றுவிடும். லக்கும் அப்படித்தான். மேலிருந்து பார்த்தால் முனையை நோக்கி மெலியும், பக்கத்திலிருந்து பார்த்தால் மணிக்கட்டை அணைத்தபடி கீழே வளையும்.

படங்களைப் பல வாரம் பெரிதாக்கிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. பழைய கேஸ் என்பது கீறல் விழுந்த கேஸ் அல்ல. அடி விழுந்தது, தேய்ந்தது, யாரோ சர்வீஸில் மெருகு போட்டது, மறுபடி கீறியது என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகள் அதில் இருக்கும். எந்தக் கீறல் எதற்கு முன்னால் வந்தது என்று கண்ணுக்குத் தெரியும். புதுக் கேஸில் கீறலை மட்டும் போட்டால் அது அடிபட்ட புதுக் கேஸாகத்தான் தெரியும். ஆகவே வருஷங்களை வரிசைப்படி அதன்மேல் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றியதுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டயலில் எந்தக் கம்பெனி பெயரும் இல்லை, இருக்கவும் கூடாது. இப்படிச் செய்த ஒன்றைப் பழசு என்று சொல்லி இன்னொருவர் தலையில் கட்டுவது மோசடி. பின்மூடியின் உள்முகத்தில் கேஸ் எந்த ஆண்டு ராவப்பட்டது, என்ன மாற்றம் செய்தது என்று கீறி எழுதியிருக்கிறேன். என் காலத்துக்குப் பிறகு யார் கையில் போனாலும் திறந்த உடனே உண்மை தெரியும்.

முதல் வேலை கேஸை வெறும் ஸ்டீலாக்குவது. கண்ணாடியைச் சுற்றிய பெசல் வளையம், கண்ணாடி, தண்ணீர் தடுக்கும் கேஸ்கெட்டுகள் எல்லாம் வெளியே. இயந்திரம் மூடிபோட்ட டப்பாவில், வேறு அறையில். ராவுத்தூள் ஒரு துகள் போதும், ஓடும் பல்சக்கரம் நிற்பதற்கு. அரத்திலிருந்து உதிரும் துகள் காந்தத்தில் ஒட்டுகிற ரகம் என்பதால் இன்னும் ஆபத்து. கிரவுன் திருகும் டியூபை மட்டும் கழற்றவில்லை. அதன்மேல் வேண்டாத கிரவுன் ஒன்றைத் திருகி, அதைச் சுற்றி நாலு சுற்று டேப் ஒட்டினேன். அரம் வழுக்கினால் அந்தக் கிரவுன் அடி வாங்கிக்கொள்ளும், டியூபின் மரை தப்பும்.

அரம் போகவே கூடாத இடங்கள் மூன்று: கண்ணாடி உட்காரும் கழுத்து, பின்மூடியின் மரையும் கேஸ்கெட் படியும் தளமும், டியூப் இருக்கும் துளையைச் சுற்றிய சுவர். இந்த மூன்றில் எது மெலிந்தாலும் தண்ணீர் உள்ளே வர வழி கிடைக்கும். இவற்றுக்குச் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டு வைத்தேன்.

பிடிமானத்துக்கு வைஸில் கேஸை நேராகக் கடிக்க வைத்தால் லக் நசுங்கும். ஆகவே கெட்டி மரத்தில் ஒரு உருளை செதுக்கி, கேஸின் உட்குழிக்குள் பின்பக்கமாக இறுக்கமாக நுழையும்படி அதன்மேல் டேப் சுற்றிச் சரிசெய்தேன். வைஸ் கடிப்பது மரத்தை. கேஸ் நாலு பக்கமும் திறந்து நிற்கிறது, எந்தக் கோணத்திலும் அரம் போகலாம். இந்தக் கட்டையைச் செதுக்க ஒரு சாயங்காலம் போனது. மொத்த வேலையிலும் நான் உருப்படியாகச் செலவழித்த சாயங்காலம் அதுதான்.

சுழலும் கைமெஷின் இருந்தும் எடுக்கவில்லை. சின்னச் சக்கரம் தொடும் இடத்தில் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தைச் சமன் செய்யச் சுற்றிலும் ராவ வேண்டிவரும், அதற்குள் வடிவம் போய்விடும். கை அரம் மெதுவாகப் போகும். அந்த மெதுவுதான் நமக்கு வேண்டும். ஒரு முகம் மட்டும் பல்லும் மற்ற முகங்கள் வழவழப்பும் உள்ள மெல்லிய தட்டை அரம் ஒன்று, அரைவட்ட அரம் ஒன்று, எலிவால் போன்ற உருண்டை அரம் ஒன்று. ஒவ்வொன்றிலும் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்வேன். ஸ்டீல் துகள் பல்லிடுக்கில் சிக்கினால் அடுத்த இழுப்பில் ஆழமாக ஒரு கோடு கீறிவிடும், அதை எடுக்க அரை மணி நேரம் உப்புத்தாள் போட வேண்டும். சாக்பீஸ் தூள் அதைத் தடுக்கிறது. தள்ளும்போதுதான் அழுத்தம், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும்.

கிரவுன் கார்டில் தொடங்கினேன். பிளாஸ்டிக் அட்டையில் ஒரு பக்கக் கார்டின் வடிவத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். அதைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம். இரண்டுக்கும் ஒரே அச்சு என்பதால் இரண்டும் ஒன்றுபோல் வந்தே ஆக வேண்டும். கேஸ் முழுக்க நீல மார்க்கர் பூசி, கவராய முனையால் எல்லைக்கோடு கீறினேன். நீலத்தில் வெள்ளி நூலாகக் கோடு பளிச்சென்று தெரியும். பிறகு மேல் கார்டில் இருபது தள்ளு, கீழ்க் கார்டில் இருபது தள்ளு. எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று நினைத்தால், முதலாவதின் பிழையை இரண்டாவதில் துரத்திக்கொண்டே இருப்போம்.

முதலில் கார்டின் வெளிமுகம். பக்கவாட்டு வளைவை முறிக்காமல், அதே ஓட்டத்தில் முனையை மெலிக்க வேண்டும். அரத்தை நேராகத் தள்ளாமல், தள்ளும்போதே மணிக்கட்டை லேசாகச் சுழற்றினால் வளைவு முறியாது. அடுத்து உள்முகம், அதாவது கிரவுனைப் பார்க்கும் பக்கம். இங்கேதான் வழவழப்பான முகங்கள் உள்ள தட்டை அரம் கைகொடுத்தது. பல் இல்லாத பக்கம் கேஸ் சுவரில் உரசினாலும் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு கார்டு முனையிலும் 0.6 மி.மீ. போனது. கேட்கும்போது ஒன்றுமில்லாத அளவு. வெள்ளைத் தாளின்மேல் கேஸை வைத்து நேர் மேலிருந்து பார்த்தேன். செங்கல் போய் முள் வந்திருந்தது.

லக்குகளை 2.9இலிருந்து 2.5 ஆக்கினேன். வெளிப்பக்கத்தில் மட்டும். உள்பக்கத்தைத் தொட்டால் லக்குகளுக்கு நடுவிலுள்ள 20 மி.மீ. இடைவெளி கூடிவிடும், ஸ்டிராப் ஆடும். எதிர்க்கோணமாக வரிசை வைத்துக்கொண்டேன்: மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது. ஒரே பக்கமாகப் போனால் கை களைக்கும்போது அந்தக் களைப்பு முழுக்கக் கடைசி லக்கில் விழும்.

அடுத்தது லக் துளைகள். பழைய டைவர் கேஸ்களில் லக்கை ஊடுருவித் துளை இருக்கும். வெளியிலிருந்து ஊசியால் குத்தினால் ஸ்டிராப்பைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பார் கழன்றுவிடும். என் கேஸில் துளை உள்பக்கம் மட்டும், சுமார் 1 மி.மீ. ஆழக் குழி. வெளியிலிருந்து துளைத்து அந்தக் குழியைச் சந்திக்க வேண்டும். உள்குழி லக்கின் அடியிலிருந்து எவ்வளவு, முனையிலிருந்து எவ்வளவு என்று அளந்து, அதே அளவை வெளியே குறித்து, கூர்முனையால் ஒரு புள்ளி அடித்தேன். 1 மி.மீ. டிரில் பிட், சின்ன ஸ்டாண்டில் சுமார் 3000 சுற்று வேகம், வெட்டும் எண்ணெய் ஒரு சொட்டு. முதல் லக்கில் துளை குழியைச் சரியாகச் சந்தித்தது.

இரண்டாவதற்கு ஒரு சௌகரியம் உண்டு. முதல் துளை வழியாகவே பிட்டை உள்ளே விட்டு, 20 மி.மீ. இடைவெளியைக் கடந்து, எதிர் லக்கின் குழிக்குள் கொண்டுபோய் உள்ளேயிருந்து வெளியே துளைக்கலாம். இரண்டு துளைகளும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். சாதாரண 1 மி.மீ. பிட்டின் மொத்த நீளம் 34 மி.மீ. மட்டுமே. இரண்டு லக்கும் இடைவெளியும் சேர்ந்து 25 போக, டிரில்லின் சக் (பிட்டைக் கவ்வும் வாய்) பிடிக்க 9 மி.மீ. மிஞ்சும். பிடிக்கும், ஆனால் நீட்டிக்கொண்டு நிற்கும் பிட் நாணல்போல் வளையும்.

அங்கேதான் பிட் ஒடிந்தது. தப்பு என்னுடையது, காரணமும் தெரியும். பிட் வளைவதைப் பார்த்துப் பயந்து அழுத்தத்தைக் குறைத்தேன். 316எல் போன்ற ஸ்டீலில் பிட் வெட்டாமல் வெறுமனே உரசினால், உரசிய இடம் இறுகிக் கெட்டியாகிவிடும். கெட்டியான பிறகு வெட்ட இன்னும் அழுத்தம் வேண்டும். அப்படி அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். துளைக்குள் இரண்டு மி.மீ. நீளத் துண்டு மாட்டிக்கொண்டது. வெளியே தலைகூட நீட்டவில்லை. இரண்டு வார வேலை அந்த லக்கில் அடைபட்டு நிற்கிறது. அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். கோபமாக இருக்கும்போது கையில் கருவி இருக்கக் கூடாது.

காப்பாற்றியது படிகாரம். வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் பித்தளைத் தட்டில் ஒடிந்த ஸ்டீல் திருகைக் கரைத்தெடுக்கப் பழங்காலத்திலிருந்து பயன்படுத்தும் உபாயம் இது. படிகாரக் கரைசல் கார்பன் ஸ்டீலையும் டிரில் பிட் ஸ்டீலையும் மெல்ல அரிக்கும், 316எல் ஸ்டீலை விட்டுவிடும். நான் போட்டது சாதாரண ஹைஸ்பீடு ஸ்டீல் பிட். கார்பைடு பிட்டாக இருந்திருந்தால் படிகாரத்துக்கு அசைந்திருக்காது. டியூபில் இருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் இனிமேல் கரையாது என்கிற அளவுக்குப் படிகாரம் கரைத்த வெந்நீரில் கேஸை இறக்கினேன். கிண்ணத்தைச் சூடாகவே வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஒரு துளையிலிருந்து மட்டும் மணிமணியாகக் குமிழ் வரத் தொடங்கியது. மற்ற மூன்று லக்கும் சும்மா இருந்தன. அந்தக் குமிழ் வரிசையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அவ்வப்போது துளையை ஊசியால் கிளறி, கறுப்புச் சேற்றைக் கழுவி, புதுக் கரைசல் மாற்றினேன். இரண்டாம் நாள் இரவு ஊசி மறுபக்கம் வந்தது.

சோடா உப்புத் தண்ணீரில் கேஸை நன்றாக அலசிவிட்டு, கோபால்ட் கலந்த புதுப் பிட்டை மாட்டி, மீதியைத் துளைத்தேன். இம்முறை தயங்காமல், ஒரே சீரான அழுத்தம். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் பிட் வெட்டுகிறது என்று அர்த்தம். மாவுபோல் தூள் வந்தால் உரசுகிறது, உடனே நிறுத்த வேண்டும். மற்ற ஜோடிக்கு எதிர் லக்கையும் வெளியிலிருந்தே தனியாகக் குறித்துத் துளைத்தேன். நேர்கோடு இம்மி விலகியிருக்கலாம், ஸ்பிரிங் பார் எந்தப் புகாரும் இல்லாமல் உட்காருகிறது.

இனி மேற்பரப்பு. லக்கின் தலையில் நீளவாக்கில் கோடு கோடாக மங்கல், பக்கவாட்டில் கண்ணாடி மெருகு, இரண்டும் சேரும் விளிம்பில் சாய்வாக வெட்டிய பளபளப்பான பட்டை. பட்டை கடைசியில்தான் வர வேண்டும். காரணம் கணக்கில் இருக்கிறது. 45 பாகைச் சாய்வில் வெட்டிய பட்டை என்றால், பக்கவாட்டிலிருந்து 0.1 மி.மீ. ராவினால் பட்டையின் அகலத்தில் 0.14 மி.மீ. காணாமல் போகும். பட்டையை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பக்கவாட்டுக்கு மெருகு போட்டால், கஷ்டப்பட்டு வைத்த அகலத்தை நாமே தின்றுவிடுவோம். பழைய வாட்சுகளுக்கு நடந்ததும் இதுதான். ஒவ்வொரு சர்வீஸிலும் யாரோ பக்கவாட்டைப் பளபளப்பாக்க, பட்டை மெலிந்து மெலிந்து மறைந்துபோகும். பட்டை தடித்து நிற்கும் பழைய கேஸைச் சேகரிப்பவர்கள் தேடி அலைவது இதனால்தான்.

பக்கவாட்டுக்கு 400, 600, 800, 1000, 1500, 2000 என்று உப்புத்தாள் ஏறியது. தாளை விரலில் சுற்றாமல் தட்டையான மரக் குச்சியில் ஒட்டித்தான் தேய்த்தேன். விரல் மெத்தென்று இருப்பதால் ஓரத்தை உருட்டிவிடும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளுக்குக் குறுக்கே போனால், முந்தையதின் கோடு முழுக்க மறைந்ததா என்று தெரியும். கடைசியில் 3 மைக்ரான், 1 மைக்ரான் வைரப் பசை, தோல் ஒட்டிய குச்சியில். லக்கின் தலைக்கு ஒரு கண்ணாடித் தகட்டில் 400 தாள் விரித்து, கேஸைக் கவிழ்த்து, ஒரே திசையில் ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்த்தால் கோட்டின் முனையில் கொக்கி விழும்.

பிறகு பட்டை. லக்கின் நடுவில் 0.8 மி.மீ. அகலமும், கேஸ் உடலை நெருங்கும்போது நூலாகிக் காணாமல் போவதும் என்று வைத்துக்கொண்டேன். மெல்லிய அரத்தில் எட்டுத் தள்ளு, பார், இன்னும் நாலு தள்ளு, பார். வெளிச்சத்தைப் பட்டையில் பிடித்து கேஸை மெல்லச் சுழற்றினால் ஒளி ஒரே கோடாக ஓட வேண்டும். எங்கே உடைகிறதோ அங்கே மேடு.

இத்தனையும் முடிந்தபோது கேஸ் அவ்வளவு அழகாக இருந்தது. அப்படியே விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். உண்மையிலேயே மனசு வரவில்லை. ஆனால் நான் தொடங்கியது வேறு வேலை.

பழசாக்க, டப்பாவுக்குள் ஆணி, சாவி, சில்லறை போட்டுக் குலுக்கும் முறையை உதிரிக் கேஸ் ஒன்றில் முதலில் பார்த்தேன். எல்லா இடத்திலும் சமமாக அம்மை வடு. லக்குகளின் உள்முகத்தில்கூட. ஸ்டிராப் மறைத்திருக்கும் இடத்தில் எந்தச் சாவி வந்து இடிக்கும்? உலோகத்தை அரிக்கும் ஃபெரிக் குளோரைடும் ஒரு துண்டில் பூசிப் பார்த்தேன். ஒரே சாம்பல் நிறமும் ஊசிக் குழிகளும் வந்தன. அதோடு குளோரைடு மிச்சம் டியூபின் இடுக்கிலோ மரையிலோ தங்கினால் அரிப்பு உள்ளுக்குள் தொடரும். இரண்டையும் விட்டேன். பித்தளையோ வெண்கலமோ என்றால் நிறம் மாறிக் களிம்பேறும். இந்த ஸ்டீல் அப்படி மாறுவதில்லை. இதன் வயசு தேய்மானத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் எங்கே தேயும்? ஊகிக்காமல் கேஸையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. காலிக் கேஸ் முழுக்க நீல மார்க்கர் பூசி, ஸ்டிராப் மாட்டி, பத்து நாள் இடது கையில் போட்டுக்கொண்டேன். சட்டை மாற்றினேன், பாக்கெட்டில் கை விட்டேன், கதவு திறந்தேன், மூட்டை தூக்கினேன். ராத்திரி ஒவ்வொன்றும் லென்ஸில் பார்த்து ஒரு தாளில் வரைந்தேன். நீலம் முதலில் போனது பெசலின் பற்களிலும் லக் முனைகளின் வெளி ஓரத்திலும். அடுத்து கிரவுன் கார்டுகளின் அடிப்பக்கம். கையை மடக்கும்போதெல்லாம் புறங்கை அங்கே உரசுகிறது, நான் நினைத்தே பார்த்திராத இடம். 6 மணிப் பக்க லக்குகள் 12 மணிப் பக்கத்தைவிட அதிகமாக வெளுத்தன. இடது கையில் 6 மணிப் பக்கம் கட்டைவிரல் பக்கம், பாக்கெட்டின் வாயில் முதலில் உரசுவது அதுதான். 9 மணிப் பக்கவாட்டில் சட்டைக் கை மெத்தென்று தடவியதில் நீலம் மங்கியது, கீறவில்லை. லக்கின் இடுக்குகளில் பத்தாம் நாளும் நீலம் அப்படியே. அந்த ஒற்றைத் தாள் எனக்கு வரைபடமாகிவிட்டது.

இனி வருஷங்கள். முதலில் அடிகள். எண்ணி ஏழு அடி, அதற்கு மேல் இல்லை. லக் முனைகளில் நாலு, அதில் மூன்று 6 மணிப் பக்கம். பட்டையின் நடுவில் ஒன்று. கார்டு முனையில் ஒன்று. 9 மணிப் பக்கவாட்டில் கதவு நிலையில் இடித்தாற்போல் ஒன்று. அரத்தால் வெட்டினால் உலோகம் போய்விடும். அடி விழுந்தால் உலோகம் போகாது, ஒதுங்கும். பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வரப்பு எழும். ஆகவே பழைய சாவியின் மழுங்கிய முனையை வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். விரல் நகத்தால் தடவினால் வரப்பு தட்டுப்படும். வரப்பு நிற்கும்வரை அது நேற்று விழுந்த அடி. நாற்பது வருஷத்துக்கு முன் விழுந்ததென்றால் அந்த வரப்பைச் சட்டைக் கையும் பாக்கெட்டும் எப்போதோ தேய்த்து எடுத்திருக்கும்.

அதற்கு ஜீன்ஸ் துணி. மெருகுப் பசையை மிக லேசாகத் தடவிய துணியை இரண்டு கையிலும் பிடித்து, வரைபடத்தில் வெளுத்த இடங்களில் மட்டும், மணிக்கணக்கில் இழுத்தேன். பாட்டு கேட்டுக்கொண்டே நாலு ராத்திரி. துணி வளைந்து கொடுப்பதால் ஓரங்கள் மட்டும் சோப்புக்கட்டிபோல் மழுங்கும், குழிகள் அப்படியே இருக்கும். அடியின் வரப்புகள் மறைந்து பள்ளத்தின் வாய் வழவழப்பானது.

அடுத்து, ஒரு சர்வீஸ். யாரோ ஒரு முறை மெருகு போட்டுக் கொடுத்தார் என்று வைத்துக்கொண்டு, பக்கவாட்டைத் தோல் குச்சியால் ஒரு தடவை பளபளப்பாக்கினேன். 9 மணிப் பக்க அடியின் விளிம்பு கொஞ்சம் கரைந்தது, பட்டை 0.8இலிருந்து 0.7க்கு வந்தது. லக்கின் தலையில் கோடுகளைப் புதுப்பித்தேன், ஆனால் தொழிற்சாலை நேர்த்தியில் இல்லாமல் கையால் இழுத்தாற்போல் இம்மி சாய்வாக. பின்மூடியின் வெட்டுகளில் அதைத் திறக்கும் சாவி வழுக்கிய கீறல் இரண்டு. லக்கின் அடியில், துளைக்குப் பக்கத்தில், ஸ்பிரிங் பார் கழற்றும் கருவி உரசிய தடங்கள். இவற்றை நான் போலியாகப் போடவில்லை. கருவியை எடுத்து ஸ்டிராப்பை முப்பது முறை கழற்றி மாட்டினேன், தானாக விழுந்தன.

கடைசி அடுக்கு, அந்தச் சர்வீஸுக்குப் பிறகான மெல்லிய கீறல்கள். தேய்ந்து செத்துப்போன 2000 தாளின் ஒரு மூலையால், அங்கங்கே, ஒரு திசையில்லாமல். இதில் கை நிற்காது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போகத் தோன்றும். கடிகாரத்தில் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் தாளைக் குப்பையில் போட்டேன். இடுக்குகளில் கறுப்புப் பெயின்ட் அப்பி அழுக்குபோல் காட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அழுக்கு தானாகச் சேரும்.

பெசல் வளையத்தின் அலுமினியத் தகட்டுக்குச் சாயம்தான் கறுப்பு. தண்ணீர் கலந்த பிளீச்சில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, அலசிப் பார்த்து, மறுபடி போட்டு, பழுப்புச் சாயல் தட்டியதும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் போனால் பிளீச் அலுமினியத்தையே அரிக்கும். ஜன்னல் திறந்த இடத்தில், கையுறையோடு செய்ய வேண்டும். பக்கத்தில் எந்த அமிலமும் இருக்கக் கூடாது. அக்ரிலிக் கண்ணாடியைத் தொடவே இல்லை.

கழுவுவதற்கு ஒரு முழு நாள். சோப்புத் தண்ணீரும் மென்பிரஷ்ஷும், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கூராகச் சீவிய குச்சியால் பின்மூடி மரையின் ஒவ்வொரு சுற்றும், லக் துளைகளுக்குள் நூல் விட்டு இழுப்பது. வெள்ளைத் துணியில் தட்டினால் கறுப்பு வரக் கூடாது. மூன்றாம் கழுவலில்தான் துணி வெள்ளையாகவே இருந்தது. கேஸ்கெட்டுகள் எல்லாம் புதுசு, சிலிக்கோன் கிரீஸ் தொட்டு. இயந்திரத்தை டப்பாவிலிருந்து எடுத்து உட்கார வைத்து, பின்மூடியைத் திருகி, கிரவுனை முறுக்கியபோது மணிக்கு 21,600 துடிப்புகளில் ஓடத் தொடங்கியது. பெயர் டைவர்தான், ஆனால் அழுத்தச் சோதனை செய்யாத கேஸ். அதனால் குளிக்கும்போது கழற்றி வைக்கிறேன்.

கையில் கட்டியதும் முதலில் உணர்ந்தது லக் முனைகளைத்தான். முன்பு சட்டைக் கையில் மாட்டிய இடம் இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. கீழ் இடது லக்கின் பட்டை மற்ற மூன்றையும்விட 0.1 மி.மீ. அகலமாக நிற்கிறது. வெர்னியர் இல்லாமலே எனக்குத் தெரிகிறது. அடுத்த முறை கேஸ்கெட் மாற்றத் திறக்கும்போது, அந்தப் பக்கவாட்டில் மட்டும் தோல் குச்சியை இன்னொரு தடவை ஓட்ட வேண்டும். பின்மூடியின் உள்முகத்தில் அதற்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.